வண்டி வாங்க மானியம் உண்டு, நிறுத்த இடம் இல்லை

அரசு கட்டிக் கொடுக்கும் குடியிருப்புகளில் வண்டி நிறுத்தும் இடத்தையும் அரசே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தர வேண்டுமா என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிடும். "வீட்டையே சும்மா கொடுத்தாச்சு, இனி வண்டிக்கும் கொட்டகை போட்டுத் தரணுமா?" தொலைக்காட்சி விவாதத்தில் இதையே நாகரிகமாக, 'நிதிச்சுமை' என்று சொல்வார்கள். தேநீர்க்கடையில் பச்சையாகச் சொல்வார்கள். சரக்கு ஒன்றுதான்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆம், தர வேண்டும். பிழைப்புக்கு ஓடும் வண்டிக்கு இடம் இலவசமாகவே தர வேண்டும். அதற்கான பணத்தை யாரிடமிருந்து வாங்குவது என்பதையும் இங்கேயே சொல்கிறோம்.

நாங்கள் செம்மங்குப்பத்திலிருந்து எழுதுகிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ஆலை வேலை என்றால் ஷிப்டு வேலை. ஒப்பந்தக்காரர் கூப்பிடும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும்; பேருந்து வரும் நேரத்துக்கு ஆலைச் சங்கு ஊதாது. காலனி வாசலில் நிற்கும் பழைய எக்ஸெல் வண்டி அந்த வீட்டுக்கு மண்வெட்டி மாதிரி, வலை மாதிரி. அது ஓடினால் அன்றைக்குக் கூலி உண்டு.

எங்கள் பக்கத்தில் பத்து மாடிக் குடியிருப்புகள் கிடையாது. ஆனால் பழைய தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்னைக்குப் போன எங்கள் சனங்கள் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடிசை போட்டார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். எனவே இது எங்களுக்கு வேற்று ஊர்ப் பிரச்சினை இல்லை. அங்கிருந்து தொடங்கி எங்கள் காலனிக்கு வருகிறோம்.

தூரத்தை உண்டாக்கியது யார்?

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971-இல் அதற்கான சட்டம் வந்தது. தொடக்க காலத்தில் வாரியம் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயோ அருகிலேயோ அடுக்குமாடி கட்டியது. மக்கள் தங்கள் வேலைக்கு நடந்தே போக முடிந்தது. 2000-க்குப் பிறகு காற்று மாறியது. ஆற்றோரம், பாலம், வெள்ளம், அழகுபடுத்தல் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிச் சனங்களை நகரத்தின் தெற்கு விளிம்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வேகமாக நிரப்பப்பட்ட பெரும்பாக்கத்தில் 20,000 அளவிலான வீடுகள். 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. தூரம் மாறவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவர், மூர் மார்க்கெட் பக்கம் மூட்டை தூக்கியவர், மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், இவர்கள் எல்லோரையும் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விட்டு, "வேலை உங்கள் பொறுப்பு" என்றது அரசு. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், அதாவது ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று சொன்னது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்றால் பிழைப்பு போய்விடும் என்பதுதான் நடைபாதையில் குடியிருந்தவர்களின் வாதமே. அந்தத் தீர்ப்பு வந்து 40 ஆண்டுகள் ஆன பிறகும் சனங்களை வேலையிலிருந்து பிரித்துத்தான் வீடு தருகிறார்கள்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசப் பயணம் கிடைத்தது. அது பெரிய உதவி. வேலைக்குப் போகும் எங்கள் பெண்களின் கையில் மாதக் கடைசியில் கொஞ்சம் காசு நிற்கிறது. ஆனால் விடியற்காலை இரண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர் கூடையோடு எந்தப் பேருந்தில் ஏறுவார்? காலை ஆறு மணிக்கு மஸ்டர் எடுக்கும் தூய்மைப் பணியாளர் எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்? வண்டி வாங்கினார்கள். தவணையில் வாங்கினார்கள், கந்துக்கு வாங்கினார்கள், தாலியை வைத்து வாங்கினார்கள். தூரத்தை உண்டாக்கியது அரசு; அதைக் கடக்கும் செலவை ஏற்றது சனங்கள். அந்த வண்டியை இரவில் நிறுத்த ஓர் இடம் கேட்டால் அதற்கு மானியம் என்று பெயர் வைக்கிறார்கள்.

எங்களுக்கு முன்பே மானியம் வாங்குகிறவர்கள்

மானியக் கணக்குத்தான் பார்க்க வேண்டும் என்றால் பார்ப்போம். எல்லோருடைய கணக்கையும் பார்ப்போம்.

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? காரை நிறுத்தும் கட்டம் மட்டுமே ஏறக்குறைய 12.5 சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்பி வெளியே போகும் வழியையும் சேர்த்தால் இன்னும் கூடும். டெல்லி பெருந்திட்டம் 2021 இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர். தரைத்தளக் கூரையின் கீழ் என்றால் 28. நிலத்தடித் தளம் என்றால் 32.

இப்போது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்குள் இருக்கும் பரப்பு 2015-இல் 30 சதுர மீட்டர் வரை என்று வகுக்கப்பட்டது. அடுப்பு, கட்டில், பிள்ளைகளின் புத்தகம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர் எல்லாம் அந்த 30-க்குள்தான். நிலத்தடியில் நிற்கும் ஒரு காருக்கு 32. இந்த நாட்டின் திட்ட அறிஞர்கள் இந்த இரண்டு எண்களையும் எழுதினார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, இந்தியாவில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் சுமார் 8 சதவீதம் என்கிறது. இருசக்கர வண்டி வைத்திருப்பவை ஏறக்குறைய பாதி. இந்த 8 சதவீதத்தின் கார்கள் இரவில் எங்கே தூங்குகின்றன? சென்னையின் வசதியான பகுதிகளில் எந்த உட்தெருவிலாவது இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கார். தெரு யாருடையது? மாநகராட்சியுடையது. வாடகை? பெரும்பாலான தெருக்களில் ஒரு பைசா கிடையாது. அண்ணாநகரிலும் பெசன்ட் நகரிலும் ஒரு சதுர அடி நிலம் என்ன விலை என்று தெரிந்தவர்கள், தங்கள் கார் அடைத்து நிற்கும் அரசு நிலத்தின் மதிப்பையும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு யாரும் மானியம் என்று பெயர் வைப்பதில்லை. 'பார்க்கிங் பிரச்சினை' என்று வைக்கிறார்கள். அவர்களுக்கு இடம் இல்லையென்றால் அது பிரச்சினை, எங்களுக்கு இடம் இல்லையென்றால் அது பேராசை.

அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு நீதிமன்றமும் துணை நிற்கிறது. 2010-இல் மகாராஷ்டிரச் சட்டம் ஒன்றின் கீழ் வந்த வழக்கில், கட்டடத்தின் தூண்தள நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது குடியிருப்போரின் பொதுவிடம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. வீடு என்றால் வண்டி நிற்கும் இடமும் அதைச் சேர்ந்தது என்ற புரிதல் அதில் இருக்கிறது. அந்தப் புரிதல் பெரும்பாக்கத்தின் எல்லைக்கு வந்ததும் நின்றுவிடுவது ஏன்?

வாங்க 35 சதவீதம், நிறுத்தச் சுழியம்

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசே எங்களுக்கு வண்டி வாங்க மானியம் தருகிறது. தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூக பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம். பயணிகள் வண்டி, சரக்கு வண்டி எல்லாம் அதில் வாங்கலாம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. சென்னையில் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையே கழிவுநீர் அகற்றும் நவீன வண்டிகளுக்கு உரிமையாளர் ஆக்கும் திட்டமும் 2024-இல் வந்தது. மலக்குழிக்குள் ஆளை இறக்கிய சமூகத்தில் இது சிறிய விஷயம் இல்லை. இவற்றை நாங்கள் வரவேற்கிறோம், இன்னும் விரிவாக்கச் சொல்கிறோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு துறை கடனும் மானியமும் கொடுத்துச் சரக்கு வண்டியை எங்கள் இளைஞன் கையில் தருகிறது. இன்னொரு துறை அவனுக்குக் கொடுத்த வீட்டின் வரைபடத்தில் அந்த வண்டிக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. அவன் வண்டியைச் சாலையோரம் நிறுத்துகிறான். மூன்றாவது துறை வந்து அபராதம் போடுகிறது. இரவில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், டீசலை உறிஞ்சுகிறார்கள். நான்கு நாள் வண்டி ஓடவில்லையென்றால் தவணை தவறுகிறது. பிறகு வங்கி மேலாளர் சொல்கிறார், "உங்க ஆளுங்க வாங்குற கடன் திரும்ப வர்றதில்லை." வண்டி நிற்க இடம் தராத அரசு மீது அந்தப் பழி விழுவதில்லை, சாதி மீது விழுகிறது. மேடையில் சாவி கொடுக்கும் படம் மட்டும் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடுகிறது.

வண்டியும் சாதியும்

வண்டி நிறுத்துவதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வண்டிக்குள் சாதி என்றைக்கோ ஏறி உட்கார்ந்துவிட்டது.

1901-இல் சிறுவன் பீமராவ் தன் உடன்பிறந்தவர்களோடு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போக மாட்டு வண்டி தேடினார். சாதி தெரிந்ததும் எவரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகு ஒரு வண்டிக்காரர் சம்மதித்தார், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1929-இல், வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்று வழக்கறிஞரான பிறகும், சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அண்ணலுக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டியதில் வண்டி பாலத்தில் மோதி, அவர் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தார்.

நம் மண்ணில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுச்சாலையில் எல்லோரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் எல்லோரும் நீர் எடுக்கலாம் என்று அரசாணை வந்தது. நூறு ஆண்டுகள் ஆகின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்ற புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. வெட்டப்பட்டவை ஒரு கல்லூரி மாணவரின் கைகள்.

நாடாளுமன்றத்துக்கே இது தெரியும். 2015-இல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொது இடத்தில் பட்டியல் சாதியினர் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு வாசகம் தேவைப்படும் நாட்டில்தான், எங்கள் வண்டியை ஆடம்பரம் என்கிறார்கள்.

இடம் என்பது எங்களுக்குப் பாதுகாப்பும்கூட. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோது வாசலில் நின்ற இருசக்கர வண்டிகளும் எரிந்தன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டிகள் அவை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று, எங்கள் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே பொன்பரப்பியில் காலனி வீடுகள் தாக்கப்பட்டன, வண்டிகளும் தப்பவில்லை. முன்பு எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள், இப்போது வண்டியைக் கொளுத்துகிறார்கள். நாங்கள் எதனால் எழுந்து நிற்கிறோம் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரிகிறது. வீட்டுத் திட்டம் வரைகிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

காலனியின் மூன்று சென்ட்

இனி கிராமத்துக்கு வருவோம். 1892-இல் வெள்ளைக்கார அரசு, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக எங்கள் முன்னோருக்கு உழுவதற்கு நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்ற அந்த நிலம் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஏக்கர் கணக்கில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட சமூகம், இன்று மூன்று சென்ட் மனைப்பட்டாவை வள்ளல்தனமாகக் காட்டுகிறது.

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். குடிசைக்குப் பதிலாகக் காரை வீடு வருவது நல்லதுதான். ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில், ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சந்து. வண்டியை ஏற்றி நிறுத்த இடமில்லை. மீன்பாடி வண்டி வைத்திருப்பவர் காலனி முனையில் விட்டுவிட்டு வருகிறார். ஆட்டோக்காரர் ஊர்த்தெருவின் ஓரத்தில் நிறுத்தினால், "இது என்ன உங்க தெருவா?" என்ற குரல் வருகிறது. அந்தக் குரல் எதில் முடியும் என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொன்று உண்டு: தண்ணீர். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணையில் வந்த வெள்ளம். ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் இருக்கிறது. இது இயற்கை அமைத்தது இல்லை. யாருக்கு எந்த நிலம் என்று சாதி அமைத்தது. தண்ணீர் வந்தால் முதலில் மூழ்குவது காலனி. காலனியில் முதலில் மூழ்குவது வண்டி. ஆட்களையும் ஆடுகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடலாம். தவணை முடியாத வண்டியை எங்கே ஏற்றுவது? எஞ்சினுக்குள் சேறு போன வண்டியை மீட்கச் செலவிடும் காசு பல வாரக் கூலி. வெள்ள நிவாரணத்தில் அரிசி உண்டு, வேட்டி சேலை உண்டு. பிழைப்பு வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நண்பர்களின் ஆட்சேபங்கள்

எதிரிகளை விடுவோம். நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இலவசமாக நிறுத்தவிட்டால் வண்டிகள் பெருகும், நகரம் நெரியும்" என்கிறார்கள் சூழலியல் நண்பர்கள். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷூப் 2005-இல் இதைப் பற்றியே பெரிய புத்தகம் எழுதினார். இலவச நிறுத்தம் என்று எதுவும் இல்லை, அந்தச் செலவை வண்டி இல்லாதவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள் என்பது அவர் வாதம். நாங்கள் அதை முழுமையாக ஏற்கிறோம். அதனால்தான் கேட்கிறோம்: கட்டணத்தை எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள்? ஜப்பானில் 1962 முதல், நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் கார் வாங்க முடியும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றைப் பேசினாலே நடுத்தர வர்க்கம் கொந்தளிக்கிறது. 23 சதுர மீட்டர் கேட்கும் காரிலிருந்து தொடங்குங்கள். ஓர் இருசக்கர வண்டிக்கு 2 சதுர மீட்டர் போதும். ஒரு கார் பிடிக்கும் இடத்தில் பத்துக் குடும்பங்களின் பிழைப்பு நிற்கும்.

"பேருந்தை அதிகம் விடச் சொல்லுங்கள், வண்டி எதற்கு?" என்பது அடுத்தது. பேருந்து கேட்டுத்தான் எங்கள் சனங்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுக்கிறார்கள். எங்கள் முதல் கோரிக்கை இன்றைக்கும் பேருந்துதான். விடியற்காலைப் பேருந்தும் நள்ளிரவுப் பேருந்தும் ஒழுங்காக வந்தால் தவணைக்கு வண்டி வாங்கும் தலைவலி பாதிப் பேருக்கு இருக்காது. அதுவரைக்கும்? மேலும், தள்ளுவண்டியையும் சரக்கு ஆட்டோவையும் எந்தப் பேருந்தும் ஏற்றாது.

மூன்றாவது கேள்வி எங்கள் ஆட்களே கேட்பது, அதனால் கனமானது. "வண்டியே இல்லாத ஆயா, விதவைப் பெண், மாற்றுத்திறனாளி இவர்களுக்கு இதில் என்ன? அடுத்தவன் வண்டிக்கு அவர்கள் ஏன் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும்?" கட்டக் கூடாது. வண்டி நிறுத்தும் செலவை மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒளித்துவைத்து எல்லோர் தலையிலும் கட்டுவதை நாங்கள் எதிர்க்கிறோம். பிள்ளைகள் விளையாடும் திடலையும் பெண்கள் உட்காரும் திண்ணையையும் வண்டிகள் தின்னக் கூடாது. குடியிருப்புக்குள் கார் வைத்திருப்பவர் கட்டணம் கட்டட்டும். எங்கள் சாதிக்காரர் என்பதற்காக அவருடைய காருக்கு நாங்கள் வாதாடவில்லை. சிங்கப்பூரில் பெரும்பான்மை மக்கள் அரசு வீடமைப்புக் கழக அடுக்குகளில்தான் இருக்கிறார்கள். அங்கே வண்டி வைத்திருப்போர் மாதாந்திர நிறுத்தச் சீட்டு வாங்க வேண்டும், மோட்டார் சைக்கிளுக்குக் காரைவிட மிகக் குறைந்த கட்டணம். அந்த ஊரில் வீட்டுப் பக்கத்திலேயே பேருந்தும் ரயிலும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போக்குவரத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டணம் கேட்பது ஒரு நியாயம். தூரத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டணம் கேட்பது வழிப்பறி.

நாங்கள் கேட்பது

ஒன்று: வாழ்விட மேம்பாட்டு வாரியம் இனிக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் வீட்டுக்கு ஓர் இருசக்கர வண்டி இடமும், ஆட்டோ, சரக்கு வண்டி, தள்ளுவண்டி, மீன்பாடி வண்டிகளுக்குத் தனி இடமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கூரை, விளக்கு, பூட்டுவதற்குக் கம்பி வேண்டும். இருக்கிற குடியிருப்புகளில் வாரியத்தின் காலி நிலத்தில் இதை அமைக்க வேண்டும்.

இரண்டு: வீட்டுக்கு முதல் பிழைப்பு வண்டிக்குக் கட்டணம் கூடாது. காருக்கும் இரண்டாவது வண்டிக்கும் கட்டணம் வைக்கலாம். அந்தப் பணம் அதே குடியிருப்பின் மின்தூக்கிக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும்.

மூன்று: இடத்தை நடத்துவது குடியிருப்போர் சங்கமும் மகளிர் குழுவும். டெண்டர் விட்டு வெளி ஒப்பந்தக்காரரைக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் ஆளுங்கட்சி வட்டத்தின் மாமூல் வசூலில்தான் போய் முடியும்.

நான்கு: மாநகராட்சித் தெருக்களில் இரவு முழுவதும் நிற்கும் கார்களுக்குக் கட்டணம் வசூலித்து, அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். நகரத்தின் நிலத்தில் அவர்கள் கார் நிற்கிறது. நகரத்துக்கு வெளியே துரத்தப்பட்டவர்களுக்கு அந்த வாடகையில் பங்கு உண்டு.

ஐந்து: தாட்கோ மானியத்தில் வண்டி தரும்போதே அது நிற்கும் இடத்துக்கும் உள்ளாட்சி அமைப்பு எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பேற்க வேண்டும். 2024-இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இந்தச் செலவைக் காட்டலாம். எங்கள் பெயரில் ஒதுக்கிய பணம் எங்கள் தெருவில் கண்ணுக்குத் தெரியும்படி செலவாகட்டும்.

ஆறு: கடலூர் மாதிரி வெள்ள மாவட்டங்களில் ஒவ்வொரு காலனிக்கும் மேடான ஒரு பொதுத் தளம் வேண்டும். நல்ல நாளில் வண்டி நிற்கும், நெல் காயும், கூட்டம் நடக்கும். வெள்ளம் வந்தால் வண்டியும் ஆடு மாடும் அதில் ஏறும். வெள்ளத்திலோ சாதிக் கலவரத்திலோ பிழைப்பு வண்டியை இழந்தவர்களின் மீதிக் கடனை அரசு ஏற்க வேண்டும்.

இதில் எதுவும் பெரிய பணம் கேட்கவில்லை. குடும்பத்துக்கு 2 சதுர மீட்டர் நிலமும் கொஞ்சம் தகரமும் கேட்கிறது. அரசிடம் நிலம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். எங்கள் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது எத்தனை வேகமாக அளந்தார்கள் என்பது இந்த வட்டாரத்து ஊர்களுக்குத் தெரியும்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்த ஆறாவது கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் வையுங்கள். "வண்டிக்குமா இடம்?" என்று தலைவர் சிரித்தால், பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார் என்பதை ஆட்சியருக்கு எழுதுங்கள். சென்னையில் குடியிருக்கும் தோழர்கள் வாரியத்தின் குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாமல் அடுக்கு அடுக்காகச் சேர்ந்து போங்கள். எத்தனை வண்டி, என்ன தொழில், எங்கே நிற்கிறது என்ற கணக்கைக் கையோடு கொண்டு போங்கள். கணக்கை அவர்கள் எடுக்க மாட்டார்கள். நாம்தான் எடுக்க வேண்டும்.

ஜெய்பீம்.